குப்ரமைன்: தொட்டிக்கு வெளியே செய்ய வேண்டிய வைத்தியம்

கடல்நீர்த் தொட்டியில் மீன்களோடு பவளம், இறால், நத்தை, அனிமோன் ஆகியவற்றையும் சேர்த்து வளர்ப்பவர்கள், மீனின் உடம்பில் வெள்ளைப் புள்ளிகளைக் கண்டதும் திகைத்துப் போவது இயல்பு. ஒட்டுண்ணியை உறுதியாகக் கொல்லும் மருந்து இறாலையும் நத்தையையும் பவளத்தையும் சேர்த்தே கொல்லும்; அவற்றுக்குத் தீங்கு செய்யாதது என்று சொல்லி விற்கப்படும் மருந்தோ பெரும்பாலும் ஒட்டுண்ணிக்கும் தீங்கு செய்வதில்லை. நான் இங்கே மதிப்பிட எடுத்துக்கொண்டது அமெரிக்காவின் சீகெம் நிறுவனம் தயாரிக்கும் குப்ரமைன் என்னும் தாமிர மருந்து. முதுகெலும்பற்ற உயிரினங்கள் உள்ள தொட்டியில் இதை ஊற்றவே கூடாது. ஆனாலும் அந்த உயிரினங்களைக் காப்பாற்ற நினைப்பவர்களுக்குத்தான் இதை முதலில் பரிந்துரைக்கிறேன். முரண்போலத் தோன்றும் இந்த முடிவுக்குக் காரணம் மருந்தில் பாதியும் நோயின் போக்கில் பாதியுமாக இருக்கிறது.

நன்னீர் மீன்களுக்கு வரும் வெள்ளைப்புள்ளி நோயும் கடல் மீன்களுக்கு வருவதும் பார்வைக்கு ஒன்றாகத் தெரிந்தாலும், அவற்றை உண்டாக்கும் உயிரிகள் வேறு. கடல் மீன்களைத் தாக்குவது கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ் என்ற ஒருசெல் உயிரி. அது மீனின் தோலிலும் செவுளிலும் மேற்படலத்துக்கு அடியில் புகுந்து, பொதுவாக 3 முதல் 7 நாள் வரை திசுவைத் தின்று வளர்கிறது. உப்புக்கல் அளவில் நம் கண்ணுக்குத் தெரியும் புள்ளி இந்தப் பருவத்தில் உள்ள ஒட்டுண்ணிதான். வளர்ந்து முடிந்ததும் அது தானாகவே மீனை விட்டு இறங்கி, மணலிலோ பாறையிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றிக் கெட்டியான உறை ஒன்றை உருவாக்கி, அதற்குள் பலமுறை பிளந்து பெருகுகிறது. உறைக்குள் இருக்கும் காலம் சில நாள்களில் முடிவதும் உண்டு, பல வாரங்கள் நீள்வதும் உண்டு; 72 நாள் வரை நீண்டதாக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உறை திறந்ததும் நூறு, இருநூறு என்ற அளவில் நீந்தும் குஞ்சுகள் வெளிவருகின்றன. அவை ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பற்றிக்கொள்ள வேண்டும், இல்லையேல் இறந்துவிடும்.

இந்த வட்டத்தில் மருந்துக்கு எட்டும் இடம் ஒன்றுதான். மீனின் தோலுக்கு அடியில் இருக்கும்போது ஒட்டுண்ணிக்கு மீனே கவசம்; உறைக்குள் இருக்கும்போது உறை கவசம். நீந்தித் திரியும் அந்த ஓரிரு நாளில் மட்டுமே அது நீரில் கரைந்துள்ள மருந்துக்கு நேரடியாக அகப்படுகிறது. ஆகவே ஒரு மருந்து பயன் தர வேண்டுமானால், அடுத்தடுத்து வெளிவரும் குஞ்சுகள் அனைத்தையும் சந்திக்கும்படி, குறையாத செறிவில், இடைவெளி இல்லாமல், இரண்டு வாரமாவது நீரில் நிலைத்திருக்க வேண்டும். மென்மையான ஒருசெல் உயிரியைக் கொல்லும் செறிவில் ஒரு பொருள் அத்தனை நாள் நீரில் இருந்தால், அதே நீரில் வாழும் பவளப் பூச்சியும் இறாலும் குழாய்ப்புழுவும் அதற்குத் தப்பிப்பது அரிது.

பவளத்தொட்டிக்குப் பாதுகாப்பானவை என்ற பெயருடன் கடைகளில் கிடைக்கும் புட்டிகளை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். பூண்டுச் சாறு, மிளகுச் சாறு, மூலிகைக் கலவை என்று பல வகை உண்டு. பூண்டு மீனின் பசியைத் தூண்டலாம். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பதற்கில்லை. இவற்றை ஊற்றிய ஐந்தாம் நாளில் புள்ளிகள் மறைந்துவிட்டன என்று மகிழ்ச்சியோடு சொல்பவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. புட்டியைத் திறக்காமல் அலமாரியில் வைத்திருந்தாலும் ஐந்தாம் நாளில் புள்ளிகள் மறைந்துதான் இருக்கும், ஏனெனில் ஒட்டுண்ணி இறங்கும் நாள் அது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஒன்றிரண்டு வாரம் கழித்து உறைகள் திறக்கும்போது முன்னைவிடப் பல மடங்கு புள்ளிகளோடு நோய் திரும்புகிறது. அதற்குள் சிகிச்சைக்கான நல்ல நாள்கள் கடந்துவிடுகின்றன. இந்த வகைப் புட்டிகள் மீது எனக்குள்ள குறை, அவை வேலை செய்யாதது மட்டுமன்று. வேலை செய்ததுபோலத் தோன்றுவதுதான்.

குப்ரமைனில் அந்த மயக்கத்துக்கு இடமில்லை. அதில் தாமிரம் அமீனோடு இணைந்த வடிவில் இருப்பதால், வெறும் தாமிர சல்ஃபேட்டைப்போல உப்புநீரில் விரைவாகப் படிந்து வீணாகிவிடாமல் நிலைத்து நிற்கிறது. மீன்களும் அதைவிட இதை நன்றாகத் தாங்குகின்றன. ஒரு மில்லி லிட்டரில் 10 மில்லி கிராம் தாமிரம் உள்ளது. 40 லிட்டர் நீருக்கு 1 மில்லி லிட்டர் வீதம் ஊற்றினால் செறிவு லிட்டருக்கு 0.25 மில்லி கிராம் ஆகிறது. 48 மணி நேரம் கழித்து அதே அளவை இன்னொரு முறை ஊற்றினால் இலக்கான 0.5 கிடைக்கிறது. அந்தச் செறிவை 14 நாள் காக்க வேண்டும் என்பது தயாரிப்பாளரின் அறிவுரை. கணக்கு இவ்வளவு எளிது என்பதே இந்த மருந்தின் முதல் சிறப்பு என்பேன். ஆனால் தொட்டியின் வெளி அளவை வைத்துக் கொள்ளளவைக் கணக்கிடாமல், உண்மையில் எத்தனை லிட்டர் நீர் ஊற்றினோம் என்பதை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். மருந்தைச் சொட்டு எண்ணி விடுவதைவிட, ஊசி இல்லாத மருத்துவச் சிரிஞ்சால் அளந்து விடுவது நல்லது.

ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தாமிர மருந்துகள் எல்லாவற்றுக்கும் ஒரே இலக்கு கிடையாது. காப்பர் பவர், காப்பர்சேஃப் போன்றவற்றில் தாமிரம் கீலேட் என்ற இறுக்கமான பிணைப்பில் இருப்பதால் அவற்றின் இலக்கு லிட்டருக்கு 1.5 முதல் 2.5 மில்லி கிராம் வரை போகிறது. அந்த எண்ணைக் குப்ரமைனுக்குப் பயன்படுத்தினால் மீன் இறந்துவிடும், குப்ரமைனின் 0.5 என்ற எண்ணை அவற்றுக்குப் பயன்படுத்தினால் ஒட்டுண்ணி பிழைத்துவிடும். நண்பர் ஒருவர் சொன்ன அளவைக் கேட்டு ஊற்றுபவர்கள், அவர் எந்தப் புட்டியைப் பற்றிச் சொன்னார் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அளவிடும் கருவி இல்லாமல் இந்த மருந்தை வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. குழாயில் நிறம் மாறுவதை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனைகளில் 0.3-க்கும் 0.5-க்கும் உள்ள வேறுபாட்டை மங்கிய நிறத்தில் கண்டுபிடிப்பது கடினம்; அந்த வேறுபாட்டில்தான் சிகிச்சையின் வெற்றி தோல்வி அடங்கியிருக்கிறது. நான் பயன்படுத்துவது ஹன்னா நிறுவனத்தின் எச்.ஐ.702 என்ற கையடக்கக் கருவி. 0 முதல் 5 பி.பி.எம். (அதாவது லிட்டருக்கு மில்லி கிராம்) வரை அளக்கும் இந்தக் கருவி குப்ரமைனுக்கும் கீலேட் வகைக்கும் பொருந்தும். முதலில் சோதனைப்பொடி சேர்க்காத தொட்டி நீரை வைத்துச் சுழியத்தை அமைத்துக்கொண்டு, பிறகு பொடியைக் கலந்து மறுபடி வைத்தால் எண் திரையில் வந்துவிடும். கருவியின் துல்லியம் 0.05 பி.பி.எம்., அதோடு அளவீட்டில் 5 விழுக்காடு கூடவோ குறையவோ இருக்கலாம் என்று சொல்லப்பட்டிருக்கிறது. அப்படியானால் திரையில் 0.50 என்று வந்தால் உண்மையான செறிவு ஏறத்தாழ 0.43-க்கும் 0.57-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். எனவே ஒருநாள் எண்ணைக் கண்டு பதறி மருந்தைக் கூட்டுவதோ குறைப்பதோ தேவையில்லை. நாள்தோறும் ஒரே நேரத்தில் அளந்து எழுதி, எண்கள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்று பார்ப்பதே பயன் தரும். சோதனைக் குப்பியின் வெளிப்புறத்தில் விரல் ரேகையோ உப்பு நீரின் காய்ந்த தடமோ இருந்தாலும் எண் மாறிவிடும். ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டு வைக்க வேண்டும்.

இனி முதுகெலும்பற்ற உயிரினங்களின் பக்கம் வருவோம். இறாலின் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் ஹீமோசயனின் என்ற புரதத்திலேயே தாமிரம் இருக்கிறது. அப்படியிருந்தும் நீரில் கரைந்த தாமிர அயனி சிறு அளவில் கூடினாலே அதன் செவுள் கெட்டு, உடலின் உப்புச் சமநிலை குலைந்து இறந்துவிடுகிறது. பவளத்திலிருந்து அதற்கு உணவளிக்கும் பாசிகள் வெளியேறிவிடுகின்றன. இதைவிடக் கவனிக்க வேண்டியது, பவளப்பாறையும் பவள மணலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை என்பது. அவை தாமிரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்கின்றன. அதனால் சிகிச்சையின்போது செறிவு இறங்கிக்கொண்டே போகும். சிகிச்சை முடிந்த பிறகு பாறையில் தேங்கிய தாமிரம் மீண்டும் நீரில் கசியக்கூடும். இறாலையும் பவளத்தையும் மட்டும் வேறிடத்துக்கு மாற்றிவிட்டு முதன்மைத் தொட்டியிலேயே தாமிரத்தை ஊற்றலாம் என்ற யோசனை இதனால்தான் தவறாகிறது. வெளியேற வேண்டியவை மீன்கள்; இறாலும் நத்தையும் பவளமும் இருந்த இடத்திலேயே இருக்கலாம்.

மீன்களை மாற்றும் சிகிச்சைத் தொட்டி அழகாக இருக்க வேண்டியதில்லை. வெறுமையாக இருக்க வேண்டும். அடியில் மணல் கூடாது, பாறை கூடாது. மீன்கள் ஒளிந்துகொள்ள பி.வி.சி. குழாய் முழங்கைகள் சில, நுண்ணுயிர் முன்பே வளர்ந்த ஸ்பாஞ்ச் வடிகட்டி, வெப்பநிலையைக் காக்கும் கருவி, காற்றுக் குமிழ் ஆகியவை போதும். மின்தடை உள்ள ஊர்களில் பேட்டரியில் இயங்கும் காற்றுப் பம்பு ஒன்றையும் கட்டாயம் வைத்திருக்க வேண்டும். வடிகட்டியில் கரி இருந்தால் எடுத்துவிட வேண்டும், ஏனெனில் அது மருந்தை உறிஞ்சிவிடும். சிகிச்சைத் தொட்டியில் இறக்கும் மீன்களில் பல தாமிரத்தால் இறப்பதில்லை, அம்மோனியாவால் இறக்கின்றன என்பது என் எண்ணம். அம்மோனியா ஏறும்போது கை தானாக நீர்ச்சீராக்கிப் புட்டியை நோக்கிப் போகும். அங்கேதான் குப்ரமைனின் பெரிய குறை வெளிப்படுகிறது. சீகெமின் சொந்தத் தயாரிப்பான பிரைம் உட்பட, குளோரினையும் அம்மோனியாவையும் கட்டுப்படுத்தும் சீராக்கிகள் தாமிரத்தை மீனுக்கு மேலும் நச்சான வடிவமாக மாற்றிவிடுகின்றன. ஆகவே தாமிரம் கலந்த பிறகு அவற்றைத் தொடக் கூடாது. அம்மோனியாவுக்கு ஒரே மாற்று நீரை மாற்றுவதுதான். புதிதாகச் சேர்க்கும் நீரிலும் முன்கூட்டியே அதே செறிவில் மருந்தைக் கலந்துகொள்ள வேண்டும். ஆவியாகும் நீருக்குப் பதிலாகச் சேர்க்கும் நன்னீருக்கு மட்டும் மருந்து தேவையில்லை, ஏனெனில் தாமிரம் ஆவியாவதில்லை.

14 நாள் போதுமா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. போதும், ஆனால் ஒரு நிபந்தனையோடு. செறிவு ஒருநாளும் இலக்குக்குக் கீழே இறங்காமல் 14 நாள் இருந்திருந்தால், தொடக்கத்தில் மீனின் உடலில் இருந்த ஒட்டுண்ணிகள் எல்லாம் இறங்கியிருக்கும். புதிதாக எதுவும் மீனைப் பற்றியிருக்காது. ஆனால் அந்தத் தொட்டியின் கண்ணாடியிலும் குழாயிலும் திறக்காத உறைகள் இன்னும் ஒட்டியிருக்கலாம். எனவே 14 நாள் முடிந்ததும் மீன்களைத் தாமிரம் இல்லாத, உலர்த்திச் சுத்தம் செய்த வேறொரு தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும். மாற்ற இடமில்லாதவர்கள் அதே தொட்டியில் 30 நாள் வரை தாமிரத்தைத் தொடர்வது வழக்கம். இடையில் ஒருநாள் செறிவு சரிந்துவிட்டால் நாள்களை முதலிலிருந்து எண்ண வேண்டும்.

மீன் இல்லாத முதன்மைத் தொட்டிக்கு மருந்து எதுவும் வேண்டாம்; காலம் மட்டும் வேண்டும். கிரிப்டோகேரியான் மீனில் மட்டுமே உண்டு வாழும். இறாலும் நண்டும் பவளமும் அதற்கு உணவாவதில்லை. மீன் கிடைக்காத குஞ்சுகள் ஓரிரு நாளில் மடிகின்றன. மிக நீண்ட உறைக்காலம் 72 நாள் என்ற பதிவையொட்டி, 76 நாள் தொட்டியில் ஒரு மீன்கூட இல்லாமல் வைத்திருப்பது பொழுதுபோக்காளர்களிடையே நெடுநாளாக இருந்துவரும் முறை. வெப்பம் கூடிய நீரில் ஒட்டுண்ணியின் வட்டம் வேகமாக முடிவதால் இன்னும் குறைந்த நாள்களே போதும் என்று சொல்பவர்களும் உண்டு. இத்தனை சிரமப்பட்ட பின் கடைசி மூன்று வாரத்தில் அவசரப்பட என் மனம் ஒப்பவில்லை. அந்தக் காலத்தில் இறாலுக்கும் அனிமோனுக்கும் வழக்கம்போல உணவிட வேண்டும்; சிகிச்சைத் தொட்டியில் நனைத்த வலையையோ கையையோ கழுவாமல் இங்கே நனைக்கக் கூடாது.

இதில் பலர் தவறவிடும் செய்தி ஒன்று உண்டு. இறாலுக்கும் நத்தைக்கும் இந்த நோய் வராது என்பது உண்மை. அவை நோயைச் சுமந்து வரமாட்டா என்பது உண்மையன்று. நத்தையின் ஓட்டிலும் பவளத்தின் அடிக்கல்லிலும் உறைகள் ஒட்டியிருக்கலாம். ஆகையால் கடையிலிருந்து வாங்கிய பவளத்தையும் நத்தையையும், முதன்மைத் தொட்டியில் விடுவதற்கு முன் மீன் இல்லாத சிறு தொட்டியில் அதே கால அளவு வைத்திருப்பது நல்லது. புதிய மீனை மட்டும் தனிமைப்படுத்திவிட்டு, அதே வாரம் வாங்கிய பவளத்தை நேரே தொட்டியில் வைப்பவர்களுக்கு நோய் எங்கிருந்து வந்தது என்பது புரியாத புதிராகவே இருந்துவிடுகிறது.

தாமிரம் வேண்டாம் என்பவர்களுக்கு இரண்டு நேர்மையான மாற்றுகள் உண்டு. ஒன்று, மீனை 3 நாளுக்கு ஒருமுறை முற்றிலும் உலர்ந்த வேறு தொட்டிக்கு மாற்றிக்கொண்டே போவது. இறங்கிய ஒட்டுண்ணிகள் உறை திறப்பதற்குள் மீன் அங்கிருந்து போய்விடுவதால், நான்கு மாற்றங்களில், 12 நாளில் மீன் தூய்மையடைகிறது. மருந்தே தேவைப்படாத இந்த முறையை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் உழைப்பு அதிகம். இன்னொன்று, நீரின் உப்பைக் குறைத்து, அதன் ஒப்படர்த்தியை 1.009 வரை இறக்கி மூன்று, நான்கு வாரம் வைப்பது. இரண்டும் கிரிப்டோகேரியானுக்கு மட்டுமே பயன்படும். அமிலூடினியம் ஒசெல்லேட்டம் என்ற ஒட்டுண்ணியால் வரும் வெல்வெட் நோய்க்கு இவை பயன்படா. அந்த ஒட்டுண்ணி உப்புக் குறைந்த நீரிலும் வாழும். உடலில் பொடி தூவியதுபோல மிக நுண்ணிய படலம், வேகமான மூச்சு, ஒளியைக் கண்டு ஒதுங்குதல், நீரோட்டக் கருவியின் முன் சென்று நிற்றல் ஆகியவை அதன் அறிகுறிகள்; சில நாளில் தொட்டியில் உள்ள மீன்கள் எல்லாம் இறந்துவிடக்கூடும். வெள்ளைப்புள்ளியா வெல்வெட்டா என்று உறுதியாகத் தெரியாத நிலையில் இரண்டுக்கும் வேலை செய்யும் தாமிரத்தைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை. புற ஊதா விளக்கு நீரில் மிதக்கும் குஞ்சுகளைக் குறைக்கும், நோயை ஒழிக்காது.

குப்ரமைனால் ஆகாதவையும் பல. கோமாளி மீன்களின் உடலில் கோழைபோலத் தோல் உரிந்து தொங்கினால் அது புரூக்லினெல்லா என்ற வேறோர் ஒட்டுண்ணியாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்குத் தாமிரம் பயனற்றது, ஃபார்மலின் குளியல் வேண்டும். தோலிலும் செவுளிலும் ஒட்டும் தட்டைப்புழுக்களுக்கும் தாமிரம் உரிய மருந்தன்று. வெப்பநிலையும் பி.எச். அளவும் சமமாக்கிய நன்னீரில் மீனை 5 நிமிடம் வைத்தால் அந்தப் புழுக்கள் வெளிறிய சிறு தட்டுகளாக உதிர்வதைக் காணலாம். அவற்றுக்கு உரியது பிராசிகுவான்டெல். ஹிகாரியின் பிராசிப்ரோ அந்த வகை. இந்த ஒன்றுதான் பவளமும் இறாலும் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும் மருந்து. குழாய்ப்புழுக்கள் மட்டும் பாதிக்கப்படலாம். முட்டைகளை அது கொல்லாது என்பதால் ஒரு வாரம் கழித்து மறுபடி ஊற்ற வேண்டும்.

சுறா, திருக்கை வகைகளுக்குக் குப்ரமைனைப் பயன்படுத்தக் கூடாது. மாண்டரின், குறு ஏஞ்சல் போன்ற மென்மையான மீன்களுக்கு இரண்டு தவணையை நான்காகப் பிரித்து, மெதுவாகச் செறிவை ஏற்றுவது நல்லது. மீன் உணவை மறுத்தால் ஏற்றுவதை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். சிகிச்சை முடிந்ததும் கரியும் இரண்டு மூன்று முறை நீர் மாற்றமும் தாமிரத்தை வெளியேற்றிவிடும். அந்தத் தொட்டியில் பயன்படுத்திய ஸ்பாஞ்சையும் வாளியையும் மறுபடி பவளத்தொட்டிக்குக் கொண்டுவராமல் அடையாளமிட்டுத் தனியே வைத்துக்கொள்ள வேண்டும்.

வாங்குபவர்களுக்கு அளவு பற்றி ஒரு சொல். 100 மில்லி லிட்டர் புட்டி 2,000 லிட்டர் நீருக்கு முழுச் சிகிச்சை தரும். 60 லிட்டர் தொட்டிக்கு இரண்டு தவணையும் சேர்த்து 3 மில்லி லிட்டர்தான் செலவாகும். பெரிய புட்டி மலிவு என்று அதை வாங்கத் தேவையில்லை. மிச்சமாகும் பணத்துக்கு ஹன்னா கருவிக்கான 25 சோதனைப் பொடிப் பொட்டலத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்; நாள்தோறும் அளப்பவருக்கு அதில் பெரும்பகுதி ஒரே சிகிச்சையில் தீர்ந்துவிடும்.